இருநூறு நிறத்திலும் கறுப்பு

செயற்கைக்கோள் படத்தில் எதுவும் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. தார்ச்சாலைகூட ஏதாவது ஒரு நிறத்தில் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பித் தந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து இருநூறு நிறங்களாகப் பிரித்து எடுத்த படம் அது. எதிலாவது ஒன்றில் மாட்டிக்கொண்டே ஆக வேண்டும். ஏரிக்கரையில் இருந்த புள்ளி எதிலும் மாட்டவில்லை.

ஏரியில் பாசி எவ்வளவு என்று பார்ப்பது அவன் வேலை. நடுப்பகலிலும் திரைச்சீலைகளை இழுத்துவிட்ட அறை; தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் முனகிக்கொண்டிருந்த ஏசி; சூடேறிய கணினியிலிருந்து மெல்லக் கிளம்பி மூக்கில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் வாடை. வழக்கமாக எல்லாரும் 'ஆட்டோ' பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மென்பொருள் மிக இருண்ட பகுதிகளையெல்லாம் ஒரே கறுப்பாக அடித்துவிட்டு, மிச்சத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரும். அதில் பாசியும் மறைந்துபோகும் என்பதால், அவன் இன்று வெளிச்ச அளவுகோலின் இருட்டுப் பக்கத்தைக் கையாலேயே இழுத்துக் கூட்டிப் பார்த்தான்.

சந்தேகம் நேராக, 'தாடி' என்று எல்லாரும் கூப்பிடுபவன்மேல் போனது. பக்கத்து நாற்காலிக்காரன், போன மாதம் செயற்கைக்கோள் படத்தில் இருந்த விளையாட்டு மைதானத்தின்மேல் கழுதை வரைந்து மேலதிகாரிக்கே அனுப்பிவைத்தவன்.

"ஏன்டா, இதுவும் உன் வேலையா?"

"கழுதை வரையறவன் வெறும் புள்ளிக்கா மெனக்கெடுவான்? கேமராவுல தூசு மச்சான். ஆட்டோவைப் போடு, காணாமப் போயிடும்."

சொன்னவன் திரையைப் பார்க்காமலே சாப்பிடப் போனான். அதுவும் பிடிக்கவில்லை.

காப்பகத்தில் பூட்டிவைத்திருந்த பழைய படங்களைத் திறந்தான். அவற்றில் தாடியால் கை வைக்க முடியாது. போன வாரம் புள்ளி ஏரி நடுவில். அதற்கு முந்தைய வாரம், எதிர்க்கரையில். தூசு ஏரியைக் கடக்காது. அந்தப் படத்தில் அவ்வளவு பெரிய புள்ளி என்றால், நிஜத்தில் ஒரு தெரு அளவு.

இன்று அது நிற்கும் தெருவில் அவன் தங்கை இருக்கிறாள். ஏரி பார்த்த வீடு என்று பெருமையடித்துக் குடிபோனவள். அவளுக்குப் போன் போட்டான்.

"என்ன அண்ணா, அதிசயமா மத்தியானத்துல?"

"வீட்டை விட்டு வெளிய வா. கேள்வி கேக்காத."

"இரு, செருப்பைத் தேடறேன். திடீர்னு இருட்டிடுச்சு. பெரிய மழை வருது போல."

திரைச்சீலையை விலக்கினான். வெயில் கொளுத்தியது. ஏரி, நடந்து போகும் தூரம்.

"லைட்டைப் போடு."

"போட்டுட்டேன்." அவள் குரல் இறங்கியிருந்தது. "பல்பு சுடுது அண்ணா. வெளிச்சம் மட்டும் வரல."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இருட்டுப் பக்கத்தை இன்னும் இழுத்தான். ஊர் வெளுத்தது. ஏரி வெளுத்தது. பெரிதாக்கினான். கறுப்புக்குள் கறுப்பு பிரிந்தது. ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. ஐந்து. நுனிகள் உள்நோக்கி வளைந்திருந்தன. நடுவில் ஒரு சாம்பல் சதுரம்.

தங்கையின் வீடு.

"அண்ணா, கதவு இருந்த இடத்துல கதவைக் காணோம். என்னமோ மெத்துனு இருக்கு."

படம் காலையில் எடுத்தது. அப்போது விரல்கள் இன்னும் மூடியிருக்கவில்லை.