கடலுக்கு முதுகு காட்டிய நாற்காலிகள்

கடலைத் தேடி வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருவார்கள்? விடுதி அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு மணலில் கால் வைத்ததுமே ஹால்யாவின் கண்ணில் பட்டது அதுதான். வெள்ளைத் துண்டு விரித்த சாய்வு நாற்காலிகள் வரிசை வரிசையாக, ஒன்று விடாமல், விடுதிக் கட்டடத்தைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. அவற்றில் அப்பாக்களும் அம்மாக்களும் தாத்தாக்களும் பழச்சாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, சொக்கிப்போய்க் கிடந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால், தண்ணீரில் இருந்தார்கள்.

"வெயில் கண்ணுல அடிக்கும் மேடம், அதான்" என்றார் ஆன்செல்மோ. அங்கே வெள்ளைச் சட்டை போட்ட கடற்கரைக் காவலர்களில் அவர்தான் மூத்தவர். "இங்க வந்தா பெத்தவங்க ஓய்வெடுக்கணும். தண்ணியப் பாக்குறது எங்க வேலை."

"என் பொண்ண நானே பாத்துக்குவேன்" என்று சொல்லி, ஹால்யா தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். ஆன்செல்மோ சிரித்தார். நல்ல சிரிப்புதான். ஆனால் அவருடைய கால்சட்டை இடுப்புவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, சட்டையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

வரும் மார்ச்சில் அவள் அம்மா ஸ்டெஃபாவுக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது. தங்கள் ஊரான வினிபெக்கின் பனியிலிருந்து மொத்தக் குடும்பத்தையும் ஏதாவது ஒரு தீவுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொண்டாட வேண்டும் என்று அண்ணன் தாராஸ் பிடிவாதமாக இருந்தான். கிழடு கட்டைக்கும் ஒத்துவர வேண்டும், அவனுடைய மூன்று வால் பிள்ளைகளுக்கும் ஒத்துவர வேண்டும். ஹால்யா எந்த விடுதியைப் பார்த்தாலும் ஏதாவது குறை சொன்னாள். "உனக்கு எந்தக் கடலைக் காட்டினாலும் ஈரமா இருக்குன்னு சொல்லுவ. நீயே போய்ப் பாத்துட்டு வா தாயே, நீ சரின்னா சரி" என்று சொல்லிவிட்டான். அதனால்தான் அம்மாவையும் ஆறு வயது மகள் லெஸ்யாவையும் கூட்டிக்கொண்டு இந்த விடுதியைப் பார்க்க அவள் முன்னதாகவே வந்திருந்தாள்.

அவள் கழுத்தில் சிவப்பு விசில் தொங்கியது. அது அவர்கள் குடும்பத்துச் சட்டம். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை யாராவது ஒருவர் கழுத்தில் அந்த விசில் இருக்க வேண்டும். போட்டவர் குடிக்கக் கூடாது, படிக்கக் கூடாது, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது. மாற்றிக்கொடுக்கும்போது, "தண்ணி உன் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர், "என் பொறுப்பு" என்று பதில் சொல்லாதவரை கைமாறியதாகக் கணக்கில்லை.

சட்டம் சும்மா வரவில்லை. ஹால்யாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஊருக்கு வடக்கே ஏரிக்கரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா பெரியப்பா மாமா அத்தை என்று கரை நிறையப் பெரியவர்கள் இருந்தார்கள். அம்மா உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்துவர உள்ளே போகும்போது, "யாராவது தனிலோவப் பாத்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். யாராவது என்றால் யார்? ஆளாளுக்கு இன்னொருவர் பார்ப்பார் என்று இருந்துவிட்டார்கள். ஏரியில் மூழ்கிப்போன தம்பி தனிலோவுக்கு அப்போது லெஸ்யாவின் வயது. அன்றிலிருந்து அம்மா தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்ததே கிடையாது.

அதனால்தான் அம்மாவுக்கு இந்த இடம் அப்படிப் பிடித்துப்போனது.

"எத்தன வருஷம் ஆச்சுடி இப்படிக் கடக்கரையில காலை நீட்டி" என்றாள், நாற்காலியில் சாய்ந்து, எதிரே எழுந்து நின்ற விடுதியைப் பார்த்தபடி. அதன் முகப்பு முழுவதும் கண்ணாடி. பின்னால் இருந்த கடல் அப்படியே அதில் தெரிந்தது. "இங்கதான் வரணும் எல்லாரும். வேற எங்கயும் தேடாத."

"பாக்கலாம்மா."

"என்ன பாக்கலாம்? எனக்குன்னு ஒண்ணு கேட்டேனா இதுவரைக்கும்?"

அம்மா கேட்டதில்லைதான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். ஹால்யா கடலில் இருந்த லெஸ்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மணலுக்கு வந்தபோது அவளுடைய நாற்காலி விடுதியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பிப் போட்டாள். லெஸ்யாவுக்குத் துண்டு எடுத்துவரப் போய்விட்டு வந்தால் மறுபடியும் திரும்பியிருந்தது. "யாருய்யா அது, என் நாற்காலியத் தொட்டது?" என்று கத்தினாள். சாய்ந்து கிடந்த யாரும் தலையைத் தூக்கவில்லை. அவளும் விடுவதாக இல்லை. இழுத்துத் திருப்பி, நான்கு கால்களையும் மணலில் புதைத்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. உப்புக் காற்றும் வெயில் களிம்பின் தேங்காய் மணமும் சமையற்கட்டிலிருந்து வரும் பொரித்த வாழைப்பழ வாசனையும் கலந்து வீசிக்கொண்டிருந்த அந்தக் கரையில், எங்கிருந்தோ மெல்ல, பச்சைப் பாசியும் படகு எஞ்சின் பெட்ரோலும் செத்த மீனும் சேர்ந்த ஏரி வாடை மூக்கில் ஏறியது. இந்தக் கடலில் அந்த வாடைக்கு என்ன வேலை? கூடவே ஒரு விசில் சத்தம். தூரத்திலிருந்து, நீளமாக, மூச்சுத் தீரும்வரை ஊதிய சத்தம். ஹால்யா சட்டென்று தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய விசில் அங்கேயேதான் இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

"அத எங்கிட்ட குடுத்துடுங்களேன் மேடம்" என்றார் ஆன்செல்மோ, விசிலைக் கையால் காட்டி. எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "பாவம், எவ்வளவு நேரம்தான் பாப்பீங்க?"

"சாகிறவரைக்கும் பாப்பேன். உங்களுக்கென்ன?"

அதற்கும் அவர் சிரித்தார். அவர் நின்ற இடத்தில் மணல் குழிந்து தண்ணீர் கட்டியிருந்தது.

மத்தியானம் அம்மா தனக்குத்தானே முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் கண்கள் இமைக்காமல் கண்ணாடி முகப்பில் பதிந்திருந்தன. உதட்டில் ஒரு சிரிப்பு. ஹால்யா அந்தச் சிரிப்பைச் சின்ன வயதில் பார்த்தது, அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"அம்மா, யார்கிட்ட பேசுற?"

"நல்லாத்தான்டி இருக்கான். பசி இல்ல, குளிர் இல்ல. என்ன, நின்னு நின்னு கால்தான் வலிக்குதாம்."

"யாருக்கு?"

அம்மா மோவாயால் கண்ணாடியைக் காட்டினாள். ஹால்யா மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடலிலிருந்து கண்ணை எடுத்து, ஒரே ஒரு நொடி, கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கடல் இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால், இடுப்பளவு தண்ணீரில், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் கைகளை அகல விரித்து நின்றிருந்தான். லெஸ்யாவுக்குப் பின்னால் நின்றது ஆள் இல்லை. ஒரு சின்னப் பையன். மஞ்சள் அரைக்கால் சட்டை. அதில் கிழிந்த பைக்கு நீலத் துணியில் ஒட்டு.

அந்த ஒட்டை அம்மா போட்டபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததே ஹால்யாதான்.

திரும்பினாள். வெயில், அலை, லெஸ்யாவின் சிவப்புத் தொப்பி. வேறு யாரும் இல்லை. பயத்தோடு கோபமும் வந்தது. யாரைக் கேட்டு என் தம்பியைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினீர்கள்? எவனைக் கேட்டு?

"லெஸ்யா, வெளிய வா. கிளம்புறோம்."

"இன்னும் கொஞ்ச நேரம்மா! ப்ளீஸ்!"

கைபேசி அடித்தது. தாராஸ். "என்னடி முடிவு? அறையெல்லாம் இன்னைக்கு வரைக்கும்தான் பிடிச்சு வெச்சிருக்காங்க. சரின்னு சொல்லித் தொலையேன்."

"வேண்டாம். செத்தாலும் இங்க வேண்டாம். நானே உள்ள போய் எல்லாத்தையும் ரத்து பண்றேன், பெட்டியையும் எடுத்துக்கிட்டு இப்பவே படகுத்துறைக்குப் போறோம்."

கைபேசியை நாற்காலியில் எறிந்தாள். லெஸ்யாவை வெளியே இழுத்துவந்து, ஈர உடையோடு வரவேற்பறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் அம்மாவின் காலடியில், காய்ந்த மணலில் உட்காரவைத்தாள். அப்போதும் மனசு ஆறவில்லை. விசிலைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டாள்.

"தண்ணி உன் பொறுப்பு. ரெண்டே நிமிஷம். அவ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"என் பொறுப்பு" என்றாள் அம்மா, தெளிவாக.

வரவேற்பறையில் குளிர்ந்த காற்றும் மல்லிகை வாசனையும் இருந்தன. ரத்து பண்ண வேண்டும் என்றதும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கனிவாகத்தான் கேட்டாள். "ஏன் மேடம், குழந்தைங்களுக்குப் பிடிக்கலையா?" ஹால்யா பதில் சொல்வதற்குள் அந்த விசில் கேட்டது. நீளமாக. இந்த முறை தூரத்திலிருந்து இல்லை.

ஓடினாள்.

அம்மா நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். காலடியில் மணல் மட்டும். அம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்தது.

"விசில் எங்கம்மா? யார்கிட்ட குடுத்த?"

"அவன் கேட்டான்டி." அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "வாய் தொறந்து கேட்டான். முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? 'என் பொறுப்பு'ன்னு அழகா சொன்னான். அப்புறம் அவளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான்."

லெஸ்யா கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். முதுகு கரைப் பக்கம். ஒரு கை மேலே தூக்கியிருந்தது, யாரோ பிடித்திருப்பதுபோல.

ஹால்யா பாய்ந்தாள். முதல் அடி வெதுவெதுப்பு. இரண்டாவது அடியில் எலும்பைக் கடிக்கும் குளிர். காலுக்கடியில் மணல் இல்லை, சேறு. பாசி. பெட்ரோல். ஏரி. லெஸ்யாவின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். வலது கை வரவில்லை. அந்தக் கையின் மறுமுனையில் இப்போது அவன் தெரிந்தான். நேரடியாக. அதே முன்பல் ஓட்டை. அதே காது. கழுத்தில் சிவப்பு விசில்.

"அக்கா, கால் வலிக்குது" என்றான் தனிலோ. "யாருமே வரல. நான் மட்டும் பாத்துக்கிட்டே நிக்கறேன். இவள நிக்கச் சொல்லவா?"

"விடுடா அவள!"

"அப்ப யார் பாப்பாங்க? தண்ணி யார் பொறுப்பு?"

"என் பொறுப்புடா!" நெஞ்சு வெடிக்கக் கத்தினாள் ஹால்யா. "என் பொறுப்பு! விடு!"

அவன் விட்டுவிட்டான்.

உடனே. ஒரு முரண்டும் பிடிக்காமல். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எம்பி நின்று, ஐஸ்போலச் சில்லிட்ட விரல்களால் விசிலைத் தன் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் போட்டான். பிறகு லெஸ்யாவின் கையைப் பிடித்துக் கரைக்கு நடந்தான். மணலில் இரண்டு ஜோடிக் கால் தடங்கள் விழுந்தன.

ஹால்யா பின்னால் போகக் காலை எடுத்தாள். வரவில்லை. சேறு கணுக்காலைப் பிடித்திருந்தது. இடுப்புவரை தண்ணீர். அதற்குமேல் அவள் சட்டை காய்ந்திருந்தது. சந்தன நிறத்தில் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். இது வெள்ளை.

"அம்மா!"

அம்மா மகனையும் பேத்தியையும் ஒரே துண்டில் சுற்றி, ஈரத்தலைகளில் மாறி மாறி முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா எங்க பாட்டி?" என்று லெஸ்யா கேட்டது தண்ணீரின்மேல் துல்லியமாக வந்தது. பாட்டி நிமிர்ந்தாள். கடல் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் ஹால்யாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா தண்ணியில இருக்காடி. அவ பாத்துப்பா."

நாற்காலியில் கைபேசி அடித்தது. அம்மா எடுத்தாள். "ஆமா தாராஸ். புக் பண்ணிடுப்பா. பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வா. ஹால்யாவுக்கும் சம்மதம்தான்."

ஆன்செல்மோ வந்து, மணலில் புதைந்திருந்த ஹால்யாவின் நாற்காலியைப் பிடுங்கி, துண்டை உதறிப்போட்டு, விடுதியைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

போங்கடா. யாரும் பார்க்க வேண்டாம். நான் பார்க்கிறேன். மார்ச்சில் தாராஸின் பிள்ளைகள் வரட்டும், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வரட்டும், என் கையைத் தாண்டி ஒன்றுகூடப் போகாது என்று பல்லைக் கடித்தபடி ஹால்யா கைகளை அகல விரித்தாள். தண்ணீருக்கடியில் ஐஸ்போலச் சில்லிட்ட ஒரு சின்னக் கை வந்து அவள் விரலைப் பற்றியது. இன்னொன்று. இன்னொன்று. அவை அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இழுத்தன, ஆழத்தின் பக்கம்.

விசிலை வாயில் வைத்து மூச்சுத் தீரும்வரை ஊதினாள். மறுபடியும் ஊதினாள்.

கரையில் ஒரு நாற்காலியும் திரும்பவில்லை.