முன்னறிகுறி

ஆதிரையின் குரல் உயர்ந்ததும் பரிதியின் மணிக்கட்டில் இருந்த கைப்பட்டை அதிர்ந்தது. 'முன்னறிகுறியா?' என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

"நாளைக்கு நாளைக்குன்னா எப்படிங்க? அண்ணன் காலையிலருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்கு. அப்பாவுக்கு மூச்சு இழுக்குதாம். என்னயப் பாக்கணும்னு கேட்டாராம். இந்தா இருக்கு கம்பம். இப்பக் கிளம்புனா ராத்திரி எட்டு மணிக்குள்ள போயிரலாம்."

"இந்தப் பதட்டத்தோட போயி, வழியில உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. எங்கப்பா வீட்டு வாசல்ல போயி நிக்க உங்களுக்கு மனசு வரல. அதச் சொல்லுங்க."

அது உண்மைதான். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு போய் நின்றபோது அவள் அப்பா வீரணன் கதவைத் திறந்து, பரிதியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாத்தியவர். அதற்குப் பிறகு மகளுக்கு வலிப்பு வந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த மனிதர் கூப்பிட்டதும் ஓட வேண்டுமா?

கைப்பட்டை மறுபடி அதிர்ந்தது. ஆதிரையின் கண்களில் வலிப்புக்கு முன்னால் வரும் அந்த வெறித்த பார்வை இல்லை. அது வெறும் கோபம். பரிதிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் 'ஆம்' என்பதைத் தொட்டான்.

அவள் கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், சட்டைப் பொத்தான் அளவில் ஊற்றுவில்லை பதிந்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிய உணரி மூளையின் அலைகளைக் கேட்டுச் சொல்ல, வில்லை தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மருந்தை ஊற்றும். வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, ஏறி இறங்கும் மனத்தையும் நிலையாக வைக்கும் என்பது மாத்திரைக் காலத்திலேயே மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. வில்லைக்குள் இருந்தது அந்த வகையில் வந்த புதிய மருந்து. ஒரே ஒரு சிக்கல்தான். வலிப்பு கிளம்பும்போதும் சாதாரணக் கோபமோ அழுகையோ கிளம்பும்போதும் சிலருக்குத் தொடக்கத்தில் அலைகள் ஒன்றுபோலவே எழும். எது எதுவென்று வில்லைக்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் கூடவே வாழும் ஒருவரைக் கேட்கும். அவருக்குத் துணைவர் என்று பெயர். அவர் சொல்லச் சொல்ல வில்லை கற்றுக்கொள்ளும்.

ஆதிரையின் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, விடுங்க. நாளைக்கே போவோம்" என்றாள்.

விடியும் முன்னே வீரணன் இறந்துபோனார்.

பரிதி கெட்டவன் அல்ல. வில்லை வருவதற்கு முன்னால் ஆதிரை பெரியார் பேருந்து நிலையத்தில், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை முன்னால், குளியலறையில் என்று விழுந்த காலமெல்லாம் அவளுக்கு அவன்தான் துணை. நாக்கு கடிபட்டு ரத்தம் வழிந்த வாயைத் துடைத்துவிட்டிருக்கிறான். குளியலறைக் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டதும் அவன்தான். வில்லை பதித்த பிறகு ஆதிரை மறுபடி கணக்கு டீச்சராக வேலைக்குப் போனாள். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த நிறுத்தம்வரை ஆட்டோவில் துரத்திப் பிடித்துச் சண்டை போட்டாள். அவளுடைய அந்தக் குணத்துக்குத்தான் அவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான்.

முதல் பொய் அவன் தங்கை வந்திருந்தபோது நடந்தது. சமையலறையில் அவனுக்கும் ஆதிரைக்கும் ஏதோ வாக்குவாதம். கைப்பட்டை கேட்டது. தங்கைக்கு முன்னால் சண்டை வேண்டாமே என்று 'ஆம்' சொன்னான். ஆதிரை சிரித்துவிட்டு எல்லோருக்கும் காபி போட்டாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! அடுத்த தடவை அவன் அதிகம் யோசிக்கவில்லை. அதற்கடுத்த தடவை யோசிக்கவே இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது.

இழவு வீட்டில் ஆதிரை அழவில்லை. பரிதியின் கைப்பட்டையும் ஒரு தடவைகூட அதிரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், பாய் எடுத்துப் போட்டாள். "பெத்த மகளுக்குக் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலயே. வைராக்கியக்காரிதான்" என்று யாரோ சொன்னது பந்தலில் நின்ற பரிதியின் காதில் விழுந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை.

இழவு முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆதிரை திடீரென்று கேட்டாள்.

"நான் என்ன ஜென்மங்க?"

"ஏன் அப்படிச் சொல்ற?"

"அப்பா படத்தப் பாக்குறேன். பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்த ஆளப் பாக்குற மாதிரி இருக்கு. கூப்புட்டு விட்டும் நான் போகல. 'நாளைக்குப் போவோம்'னு என் வாயாலதான சொன்னேன்? எப்படிச் சொன்னேன்? அவர் மேல எனக்குப் பாசமே இல்ல போலங்க. அதான் அழுகையும் வரல."

அவள் குரலில் அழுகையில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பரிதிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவன் செய்த தப்பை அவள் எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லல ஆதிரை. நான்தான் சொல்ல வச்சேன்" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். தங்கை வந்த நாள், அதற்குப் பிறகு வந்த நாட்கள், கம்பத்திலிருந்து போன் வந்த அந்தச் சாயங்காலம். "அது வலிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அமுக்குனேன்."

ஆதிரையின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. முகம் சிவந்து, எழுந்து நின்றாள். நெடுநாளாக அவன் பார்த்திராத முகம்.

"நீயெல்லாம் ஒரு மனுசனா? எங்கப்பா சாகக் கெடக்குறாரு, நீ என்னய... எனக்குள்ள கையவிட்டு... நீ..."

திட்டு, இன்னும் திட்டு என்று பரிதி தலைகுனிந்து நின்றான். ஓங்கி ஓர் அறை விழுந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தான். கைப்பட்டை அதிரவில்லை. எதையும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் பேச்சு பாதியில் நின்றது. மூச்சு சீரானது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் குனிந்து கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, விடுங்க" என்றாள். "நீங்களும் வேணும்னா செஞ்சீங்க?"

'நீ' போய் 'நீங்க' திரும்பி வந்துவிட்டது.

கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு செய்தி இருந்தது. 'முன்னறிகுறி தெரிந்தது. மருந்து ஊற்றப்பட்டது. இவ்வகை அலைகளுக்கு நீங்கள் எப்போதும் ஆம் என்றே சொல்லி வந்ததால் இப்போதெல்லாம் உங்களைத் தொந்தரவு செய்வதில்லை.'

மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு ஊற்றுவில்லை மருத்துவமனைக்குப் போனான். மருத்துவர் ஜெசிந்தா பொறுமையாகக் கேட்டார். பரிதி எதையும் மறைக்கவில்லை. ஆதிரை பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லிக்குடுத்தத மட்டும் அழிக்க முடியாதா டாக்டர்?"

"தனியா அழிக்க முடியாது சார். அழிச்சா மொத்தத்தையும்தான் அழிக்கணும். அப்ப நெஜ வலிப்பு எதுன்னும் அதுக்கு மறந்துபோகும். மறுபடி கத்துக்கணும்னா மேடத்துக்குச் சில தடவையாவது வலிப்பு வந்தாகணும். ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துக்கலாம், ஆனா ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அதனால அவங்க சம்மதிச்சாத்தான் செய்வோம்." அவர் ஆதிரையின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"எதுக்கு டாக்டர்? நல்லாத்தான இருக்கேன்."

"ஆதிரை, யோசிச்சுச் சொல்லு" என்றான் பரிதி. "அத அழிச்சா உனக்கு எம்மேல கோவம் வரும். வரணும்."

அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். "உங்க மேல கோவப்படுறதுக்காக நான் வலிப்பு வந்து விழணுமா?" என்று கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. பரிதி மருத்துவர் பக்கம் திரும்பினான்.

"அப்ப என்னயத் துணைவர்லருந்தாவது எடுத்துருங்க. நான் அதுக்கு லாயக்கில்ல."

"அதுக்கும் அவங்கதான் புகார் குடுக்கணும். புகார் இருக்காம்மா?"

"இல்லீங்க. இவரு நல்லாத்தான் பாத்துக்கிறாரு."

மருத்துவர் சிரித்தார். "நீங்க ரொம்ப மனசப் போட்டு அலட்டிக்கிறீங்க சார். இத்தன பேருக்கு வில்லை பதிச்சிருக்கேன். துணைவர் மேல இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் புகார் குடுத்தது இல்ல."

பரிதி அவர் முகத்தைப் பார்த்தான். தான் சொன்னது என்னவென்று அவருக்கே புரியவில்லை. கதவின் கண்ணாடி வழியாக வெளியே காத்திருப்போர் தெரிந்தார்கள். சோடி சோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒருவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவரும் முகம் சுளிக்கவில்லை.

"தூங்குறீங்களா சார்?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்ல."

"கண்ணுலயே தெரியுது. குற்ற உணர்ச்சி ரொம்ப நாளைக்கு இருந்தா உடம்பையும் அரிக்கும். இப்ப வலிப்பு இல்லாதவங்களுக்கும் மனசுக்காக மட்டும் பதிக்கிறோம். மேடமே உங்களுக்குத் துணைவரா இருக்கலாம்."

"வச்சுக்கங்களேன்" என்றாள் ஆதிரை. "நிம்மதியா இருக்கும்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஒரு கணம் பரிதிக்கும் ஆசை வந்தது. நெஞ்சுக்குள் இரவும் பகலும் கிடந்து அழுத்துவது ஒரு மூச்சு நேரத்தில் இறங்கிவிடும். அதன் பிறகு அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எந்த வருத்தமும் இருக்காது. அதை நினைத்ததும் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வேண்டாம் டாக்டர். இது இருக்கட்டும்."

வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவமனை வாசலிலேயே கம்பத்துக்குப் போகும் ஓட்டுநரில்லாப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினான். எங்கே போகிறோம் என்று ஆதிரை கேட்டாள். அப்பா வீட்டுக்கு என்றான். சரி என்று சன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் தவமணி கதவைத் திறந்தார். "வாங்க மாப்ள, உள்ள வாங்க" என்றார். ஒரு காலத்தில் முகத்தில் அறைந்து சாத்திய கதவு. இழவுக்கு வந்தபோதும் பந்தலோடு நின்றுவிட்ட பரிதி, இப்போது முதல்முறையாக வாசலைத் தாண்டினான். தடுக்க ஆள் இல்லை.

வீரணன் படுத்திருந்த கட்டிலை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. "கடைசி வரைக்கும் வாசலத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு" என்றார் தவமணி. "ஆதிரை வந்தா மாப்ளயவும் உள்ள கூப்புடுன்னு சொன்னாரு. நான்தான் போன்ல அதச் சொல்ல விட்டுட்டேன்."

பரிதி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஒருபோதும் பிடிக்காத அந்த மனிதருக்காக வாய்விட்டு அழுதான். தவமணி ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தார்.

ஆதிரை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவள் கண்கள் உலர்ந்திருந்தன. அவன் அழுவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுங்க" என்றாள். "உங்களுக்காவது வருதே."