உரிக்கிற சத்தம்

எலி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் லோகப்பிரியாவுக்கு உறுத்தியது. ஊசி போட்டுப் பாதத்தை வீங்க வைத்த நாளிலிருந்து காலைத் தூக்கியபடியே நொண்டிக்கொண்டிருந்த எலி, புது மருந்து உள்ளே போனதும் வீக்கம் வடிந்து நாலு காலையும் ஊன்றி நடந்தது. இப்போது மூலையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. மரத்தூளும் மூத்திரமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடையில், பழைய ஏசியின் முனகலுக்கு அடியில், விடாமல் அந்த ஈரச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் வர வேண்டும்; சரவணம்பட்டி மருந்தியல் கல்லூரியில் எலிகளுக்கு ஏது லீவு. உடம்பு அடித்துப் போட்டது போலிருந்தது. எலியை எடுத்துத் திருப்பினாள்.

பாதத்தில் தோல் இல்லை. எலும்பு தெரிந்தது. கீழே விட்டதும் எலி அந்தக் காலையே ஊன்றிப் போய்த் தீனியைக் கொறித்தது. பிறகு நிதானமாக மறுபடி நக்கத் தொடங்கியது. மருந்து கொடுத்த மற்ற கூண்டுகளிலும் அதே சத்தம். மருந்து கொடுக்காத எலிகள் மட்டும் வீங்கிய காலைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தன.

கூண்டை மூடிவிட்டுப் போனைத் தேடி எடுத்தாள்.

அம்மா வள்ளியாத்தாளுக்கு முடக்குவாதம். விரல்கள் கோணிப்போய், சோற்றைப் பிசையக்கூட முடியாமல் அழுவாள். அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் லோகப்பிரியா யாருக்கும் தெரியாமல் அதே மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டொரு நாளில் அம்மா விரல்களை மடக்கி நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அன்றுதான் மகளும் நிம்மதியாகத் தூங்கினாள். இன்று காலை கிளம்பும்போது, வெகுகாலத்துக்குப் பிறகு, அம்மா சின்ன வெங்காயக் கூடையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

போன் போட்டாள். அம்மா எடுக்கவில்லை. வீட்டில் வேறு யாருமில்லை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கதவு திறந்து கிடந்தது. வெங்காய நெடி கண்ணைக் கரித்தது. அதற்குள் இன்னொரு வாடை. கறிக்கடை வாடை. சமையல்கட்டிலிருந்து உரிக்கிற சத்தம். நின்றது. மறுபடி.

"அம்மா..."

"வந்துட்டியா கண்ணு? துளிகூட நோவே இல்ல அம்மணி. சித்தெ இரு, இதை உரிச்சுப்போட்டு வாரேன்."

எட்டிப் பார்த்தாள். முறத்தில் உரித்த வெங்காயம் குவிந்திருந்தது. கூடை எப்போதோ காலி. அம்மாவின் மடியில் சருகு. ஈரச் சருகு.

அம்மா சிரித்த முகத்தோடு தன் இடது கையைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று விரல் முடிந்திருந்தது. நான்காவதன் நுனியை நகத்தால் கீறி, தோலை மெல்ல இழுத்தாள்.