கம்பியைத் தொடாத கோடு

ஜன்னலோர நாற்காலிக்காகத்தான் முதல் சண்டை. ஒரு பக்கம் பத்மஜா பிடித்து இழுத்தாள், மறுபக்கம் யாரோ ஒரு நெட்டைப் பையன்.

"திமிரைப் பாரு..." என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். வங்காளத்து நியூ டவுனில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியம்தான்.

"திமிரெல்லாம் இல்லைங்க. மழை பார்க்கலாம்னுதான்."

பத்மஜாவுக்குக் காது வரை சூடேறியது. நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... போதுமே, அதற்கு மேல் அவளால் கோபப்பட முடியவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் இரண்டையும் சேர்த்து டபுள் மேஜராகப் படிக்கும் பைத்தியங்கள் இரண்டே பேர். ஒருத்தி பத்மஜா. மற்றவன் இவன்தான், வாஞ்சிநாதன். அவள் இந்த வகுப்பில் இருந்தால் அவன் அந்த வகுப்பில் இருப்பான். அவள் அங்கே போனால் அவன் இங்கே. இரண்டு வருஷமாக இதே கதை, ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

இன்று இரண்டு பரீட்சையும் ஒரே காலையில் வந்து தொலைத்தது. அதற்கென்று ஒரு விதி உண்டு. ஒன்றைக் காலையில் எழுத வேண்டும், மற்றதைப் பிற்பகலில். நடுவில் வெளியே விட்டால் கேள்வி தெரிந்துவிடுமே... அதனால் செல்போனை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் அடைத்துவிடுவார்கள். பத்மஜா காலையில் எழுதியது எலெக்ட்ரிக்கல், வாஞ்சி எழுதியது மெக்கானிக்கல். பிற்பகல் அப்படியே தலைகீழ். அவள் எழுதப்போகிற கேள்வித்தாள் அவன் மண்டைக்குள் சுடச்சுட இருக்கிறது. இந்தச் சின்ன விஷயம் ஆபீஸில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டார்கள். அங்கேதான் அந்த நாற்காலிச் சண்டை.

காவலுக்கு ஆபீஸ் ஊழியர் சைதன்யா-தா, அதாவது சைதன்யா அண்ணன். பாடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் இரண்டாவது மேஜர் ரத்து என்று வங்காளத்தில் மிரட்டிவிட்டு செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பாடம் பேசாவிட்டால் என்ன, பேச வேறு விஷயமா இல்லை? பத்மஜா எலுமிச்சை சாதத்தில் பாதியைத் தள்ளினாள். வாஞ்சி தன் அப்பா சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் எஞ்சின் பழுது பார்ப்பவர் என்றான். தான் தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவதாகப் பெருமையடித்தான். வெளியே மழை கொட்டியது. நேரம் ஏன் இப்படி ஓடுகிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆமா, எதுக்கு ரெண்டும் எடுத்தீங்க? ஒண்ணு போதாதா?"

வீட்டில் அப்பா அவளைத் தினமும் கேட்கிற கேள்வி அது. வாஞ்சி பதில் சொல்ல வாயெடுத்தவன், சைதன்யா-தாவைப் பார்த்துவிட்டுக் கம்மென்றாகிவிட்டான்.

பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனான். மழைக்கு ஆவி படர்ந்த கண்ணாடியில் விரலால் வரைந்தான். முழங்கை மடிந்த ஒரு கை... ஒரு ஸ்பிரிங்... மேலே ஒரு நேர்கோடு. அவளைப் பார்த்துக் கண்ணால் காட்டினான்.

அவளுக்குத் திக்கென்றது. மெக்கானிக்கல் கேள்வியைச் சொல்லிக்கொடுக்கிறானா? என்ன நினைத்துவிட்டான் என்னைப் பற்றி? இரண்டு வருஷம் அப்பாவோடு மல்லுக்கட்டியது இவன் போடுகிற பிச்சைக்காகவா?

"சைதன்யா-தா, இவர் கேள்வியை வரையறார்" என்று வங்காளத்தில் பட்டென்று சொல்லிவிட்டாள்.

கையை மேல்கோட்டோடு சேர்க்கப்போன விரல் அதைத் தொடாமலே நின்றது. அவன் கையை இறக்கிக்கொண்டான். விசாரணை முடியும்வரை பரீட்சை எழுதக் கூடாது என்று அவனைப் பரீட்சைக் கண்ட்ரோலர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்... அந்தக் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை.

இரண்டு மணிக்கு அதே அறைக்கு மெக்கானிக்கல் கேள்வித்தாள் வந்தது. புரட்டினாள். மறுபடி புரட்டினாள். மடிந்த கையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தாள். பாதி அழிந்த படம்... ரயில் எஞ்சின் தலைமேல் மடங்கி நிற்குமே, மின்கம்பியைத் தொட்டு ஓடுமே, அந்தக் கை.

அடிப்பாவி... நீ கேட்ட கேள்விக்குத்தானே அவன் பதில் வரைந்தான்.

இரண்டரைக்குப் பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். மணி இரண்டு பத்து. பத்மஜா எழுந்து சைதன்யா-தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக் கொடு என்றார் அவர், ஆனால் பாடத்தைப் பற்றி முதலில் கேட்டது நீ என்றாகிவிடும், உன் மேஜர் போகலாம் என்றார். அவள் பேனாவை எடுத்து எழுதினாள். 'கேட்டது நான். தப்பு என்னுடையது.'

இரண்டு இருபத்தெட்டுக்கு வாஞ்சி மூச்சிரைக்க ஓடி வந்து உட்கார்ந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவாள்.

ஐந்து மணிக்குக் கண்ட்ரோலர் இருவரையும் நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தார். அப்புறம், இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டது எங்கள் முட்டாள்தனம், ஓடிப்போங்கள் என்றார். பத்மஜாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏசி பஸ்ஸில் கடைசி இருக்கை. இந்தத் தடவை ஜன்னலோரத்தை அவன் கேட்காமலே கொடுத்தான்.

"சாரி" என்றாள்.

"விடுங்க. உங்க மேஜரே போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும். அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

"அந்தக் கையைத் தூக்குற ஸ்பிரிங் மெக்கானிக்கல். கம்பியில வர்ற கரண்ட் எலெக்ட்ரிக்கல். ஒண்ணை மட்டும் படிச்சா வண்டி நகராதுங்க." கொஞ்சம் தயங்கினான். "ரெண்டு டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுலயும் ரெண்டு வருஷமா ஒரு பேரைப் பார்க்கறேன். பத்மஜா. யாரு, எப்படி இருப்பாங்கன்னு... தினம் நினைப்பேன். இன்னிக்குப் பார்த்துட்டேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. மாட்டிவிட்ட அப்புறமும்."

ஆவி படர்ந்த பஸ் கண்ணாடியில் அவள் மடிந்த கையை வரைந்தாள், ஸ்பிரிங்கை வரைந்தாள், மேலே கம்பியை வரைந்தாள். மதியம் அவன் விட்ட இடத்தில் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு கையை இழுத்துக் கம்பியோடு சேர்த்தாள்.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு" என்றாள் மெதுவாக. "உன்னை."