தும்பி வாசித்த பெயர்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் உள்வளையத்தில் தினமும் காலை ஐந்தரைக்குச் சுவர்த் துளைகளிலிருந்து உலோகத் தும்பிகள் கிளம்பும். கொசுக்களைப் பிடித்து, வயிற்றைப் பிதுக்கி, யாருடைய இரத்தம் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கும். அதில் காய்ச்சல் கிருமி இருந்தால் அந்த ஆள் அன்றே வெளிவளையத்துக்குப் போய்விட வேண்டும். போனவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை. மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டே பட்டியலைக் கேட்பார்கள்.

முன்பெல்லாம் கொசு பிறந்த வீட்டுக்குத்தான் தண்டனை. வீட்டுக்காரர்களே வரிசையாக மாட்டிக்கொண்டதும், கடிபட்டவரைத் துரத்தினால் போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தவள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மிருதுளா. ஆறு வயது மகள் நறுமுகைக்கு எதுவும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு ராத்திரி பகலாய்க் கவலை.

அன்று தும்பி வாசித்த பெயர் தவமணி. வெளிவளையத்திலிருந்து வந்து மிருதுளா வீட்டில் வேலை செய்கிறவள்.

"எங்க பக்கம் குடிக்கவே தண்ணி கிடையாதும்மா, கொசு எங்கேந்து வரும்? உங்க ஹாலைப் பெருக்கும்போதுதான் கடிக்குது. அந்தச் செடி பாட்டில்ல புழு நெளியுது, நானே பார்த்தேன். கடிச்சது கொசு, நான் என்னம்மா பண்ணேன்?"

"நோயைக் கொண்டாந்தது நீ, குத்தம் என் வீட்டு மேலயா?"

பூமியிலிருந்து வந்து பாட்டில் தண்ணீரில் வளர்ந்த மணி பிளான்ட் அது. அதைப் பார்த்து அக்கம்பக்கமே வயிறெரிந்தது. வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் சோதனை இயந்திரம் வரும் நேரத்தைச் சங்கம் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் பாட்டில் பீரோவுக்குள் இருக்கும்.

தவமணி போய்விட்டாள். இத்தனை நாள் அவள் கால்களே அந்த வீட்டுக் கொசுக்களுக்குப் போதுமானவையாக இருந்தன. அவை வேறு கால்களைத் தேடின. பன்னிரண்டாம் நாள் காலை தும்பி வாசித்தது:

"நறுமுகை. வயது ஆறு."

மிருதுளா, ஆட்களை வெளியேற்றும் சுகாதார இயந்திரத்தின் முன்னால் போய் விழுந்தாள். "குழந்தைங்க அது! கடிச்சது கொசு, அவ என்னங்க பண்ணா?"

"இதே முறையீடு தவமணியிடமிருந்தும் வந்தது. தங்கள் சங்கம் நிராகரித்தது."

"அப்போ என்னையும் அவகூட அனுப்புங்க!"

"தங்கள் இரத்தம் எந்தக் கொசுவிலும் இல்லை. தாங்கள் ஆரோக்கியமானவர்."

இரண்டு வளையங்களுக்கும் இடையிலிருந்த கதவில், பேசுவதற்குத் துளையிட்ட கண்ணாடி. நறுமுகை அந்தப் பக்கம் தனியாக அழுதுகொண்டு நின்றாள். காய்ச்சலில் பிழைத்து எலும்பும் தோலுமாகிவிட்ட தவமணி, கூட்டத்தில் குழந்தையை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். "வாடா கண்ணு, நான் இருக்கேன்."

குழந்தை அவளை நோக்கி ஓடியது.

என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தான் மிருதுளா கண்ணாடித் துளையில் வாயை வைத்தாள். வந்தது வேறு.

"தொடாதே! பாப்பா, அவகிட்ட போகாதே, ஒட்டிக்கும்!"

நறுமுகை சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை. நின்றுவிட்டாள். தவமணியும் விரித்த கைகளை மடக்கிக்கொண்டு நாலடி பின்னால் நகர்ந்தாள். கண்ணாடிமேல் இரும்புத் திரை இறங்கும்வரை இருவரும் அப்படியே தள்ளித் தள்ளி நின்றார்கள்.