மூடாமல் விட்ட வழி

பிற்பகல் மூன்று மணிக்கு பிரிண்டர் சூடாக இருந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொடவில்லை. தட்டில் ஒரே ஒரு வெற்றுத் தாள். தீய்ந்த மையின் வாடை, ஜன்னல் சாத்திய அந்த அறையில் திரைச்சீலையிலும், கட்டிலில் தூங்கும் மகளின் போர்வையிலும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த அம்மாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். அலுவலகம் அலுவலகமாகப் போய், கணினிகளில் யாரும் பயன்படுத்தாத, வெளியாள் உள்ளே நுழைய வழிவிடும் நெட்வொர்க் சேவைகளைத் தேடித் தேடி மூடுவதுதான் அவள் பிழைப்பு. அவள் வீட்டிலேயே ஒன்று! மகளின் படங்களை அலுவலகத்திலிருந்தபடி இங்கே அச்செடுக்கக் கணவன் திறந்த வழி. பயன்பட்டது ஒரே ஒருமுறை. மூடச் சொல்லி மூன்று மாதமாகக் கத்துகிறாள். அவளே மூடியிருக்கலாம். திறந்தவரே மூடட்டும் என்று வீம்புக்கு விட்டிருந்தாள்.

போன் போட்டாள்.

"இன்னுமா அதை மூடலை நீங்க?"

"இருந்துட்டுப் போகட்டுமே. என்னைக்காவது தேவைப்படும்."

"பரண்ல போட்டு வைக்க அது என்ன அட்டைப்பெட்டியா? எவன் வேணா உள்ள வரலாம்ங்க!"

"நம்ம வீட்டுல என்ன இருக்குன்னு வரப்போறான்?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். தொலைவிலிருந்து இயக்கும் சேவை ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு வரி: ஒருவர் இணைப்பில் இருக்கிறார். தொண்ணூற்றொரு நாட்களாக.

நிறுத்தினாள். நின்றது. உடனே மறுபடி ஓடியது. நிறுத்தினாள். ஓடியது.

"நாசமாப் போறவனே!" பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, சுவரிலிருந்து நெட்வொர்க் வயரையே பிடுங்கினாள்.

இணைப்பில் யாரும் இல்லை என்றது திரை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிரிண்டர் முனகியது.

தாள் அங்குலம் அங்குலமாக வந்தது. முதலில் மின்விசிறி. இந்த அறையின் மின்விசிறி. அப்புறம் ஒரு பெண்ணின் பின்னந்தலை. கலைந்த கொண்டை. முதுகு. வலது கையில், பிடுங்கிய வயர்.

கணினியின் கேமரா அவள் முகத்துக்கு நேரே இருந்தது. படம் பின்னாலிருந்து எடுத்தது. கட்டில் பக்கமிருந்து.

"பாப்பா..." என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தாள் இன்னும் முடியவில்லை. போர்வை வந்தது. அதன்மேல் மகளின் சின்னக் கை. அந்தக் கையைப் பொத்திப் பிடித்திருந்த நீண்ட விரல்கள்.