பாதிக் கிணறு

கரண்ட் போன பிறகும் பின்பக்கம் சாஃப்ட்னர் ஓடிக்கொண்டிருந்தது. வேதா சமையலறையில் அசையாமல் நின்று கேட்டாள். போர் தண்ணீரின் கடினத்தை எடுக்கும் அந்த மெஷின், அவ்வப்போது தன்னைத்தானே கழுவி, உப்புநீரை வேஸ்ட் பைப் வழியாகக் கிணற்றில் தள்ளும். அதற்குக் கரண்ட் வேண்டும். இப்போது பைப்பில் நீர் போவது கேட்டது. கிணற்றில் விழுவது கேட்கவில்லை. மடக் மடக்கென்று யாரோ விழுங்குவதுபோல் இருந்தது.

அந்தக் கிணற்றில் பாதிதான் இவளுடையது. மனை பிரித்தபோது கிணற்றுக்கு மேலேயே குறுக்காகக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். மறுபாதி மெஹர் பானு வீட்டில். பிளம்பர் முனிரத்தினம், வேஸ்ட் லைனைத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக போர்டிகோ டைல்ஸை உடைக்கணும் என்றார். புது டைல்ஸ். வேதாவுக்கு மனசு வரவில்லை. கிணற்றிலேயே விடச் சொன்னாள். அந்தப் பக்கம் புழங்குகிறார்களே என்று அவர் இழுத்ததற்கு, இந்தக் காலத்தில் யார் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று வாயை அடைத்தாள்.

மெஹர் பானு குடித்தார். அதில்தான் சமைத்தார். இதய நோயாளி, உப்பே கூடாது. ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சியை எவர்சில்வர் தூக்கில் கொடுத்தனுப்பியவர், மறுநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, உப்பே போடவில்லை, ஆனாலும் கரிக்கிறதே, உங்களுக்கும் அப்படியா டீச்சர் என்று கேட்டார். கஞ்சியை சிங்க்கில் கொட்டியிருந்த வேதா, நல்லா இருந்துச்சே என்றாள்.

போன வாரம் உடம்பெல்லாம் நீர் கோத்து மெஹர் பானு இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனவளுக்கு மகன் முனீர் நாற்காலி போட்டு, அம்மாவுக்கு உங்கமேல ரொம்பப் பிரியம் என்றான். அப்போதும் வேதா பைப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பல்லாவரம் போய்விட்டான்.

டார்ச்சுடன் வெளியே வந்தாள். முழுசாக இருட்டவில்லை. பாசி வாடை. அதோடு ஏலக்காய், வெந்தயம், பட்டை சேர்ந்த கஞ்சி வாசனை. பூட்டிய வீட்டுப் பக்கம் கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டது. நின்றது.

மடக். மடக்.

ஓடியிருக்கலாம். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

"நான்தான்க்கா," என்றாள். "என் பைப்புதான். டைல்ஸை உடைக்கணுமேன்னு பார்த்தேன்."

விழுங்குவது நின்றது.

"தெரியும் டீச்சர்."

சுவருக்கு மேலிருந்து இல்லை. கீழே.

கிணற்றுக்குள் டார்ச்சைக் காட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவருக்கு அடியில், இரண்டு பாதியும் ஒன்றாகும் இருட்டிலிருந்து ஒரு கை இவள் பக்கம் வந்தது. உப்புப் பூத்த கை. விரல்களில் தூக்கு. விளிம்புவரை கஞ்சி.

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே. இன்னும் கொஞ்சம் குடிங்க."

கை மேலே வந்தது. முழங்கை வரவில்லை. வெள்ளையாக நீண்டுகொண்டே, கிணற்றின் உறை உறையாக ஏறி, ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் வாய்க்கு நேராகத் தூக்கை நீட்டியது.